மலையில் முதல் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் எங்கள் வீட்டையொட்டிய கொட்டகையில் 1951ஆம் ஆண்டின் எம்.ஜி. டி.டி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நிற்கிறது. இரண்டே இருக்கை, 1250 சி.சி. எஞ்சின், தலைக்கு மேல் துணிக்கூரை. அதைக் கடைவீதியில் நிறுத்தினால் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் பாதி. "நானும் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன்" என்று தொடங்கி அரைமணி நேரம் நிற்கிறவர்கள் பாதி. அந்த இரண்டாம் பாதியினர் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை. சமவெளியில் வண்டி வைத்திருப்பவருக்கு இதில் பல பொருந்தாது. நீலகிரியின் ஈரமும் இறக்கமும் இந்த வண்டிகளை வேறுவிதமாகச் சோதிக்கின்றன.

முதல் வண்டியாக எதை வாங்குவது?

நம் ஊர்ப் பட்டறைகளுக்கு ஏற்கெனவே அறிமுகமான கார்க் குடும்பத்திலிருந்து வாங்குங்கள். அழகைப் பார்த்து வாங்கிவிட்டு, அதைத் திறந்து பார்த்த ஒரு மெக்கானிக்கும் கிடைக்காமல் தவித்தவர்களை அறிவேன். பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரும்பாலும் அந்தந்தக் காலத்துச் சாதாரணக் குடும்பக் கார்களின் உறுப்புகளை வைத்துக் கட்டப்பட்டவை என்பதால், இந்தக் குடும்ப உறவைத் தேடிப் பார்ப்பது அவ்வளவு கடினமில்லை. 1955இல் வந்த எம்.ஜி.ஏ.வின் 1489 சி.சி. எஞ்சினும் நம் அம்பாசடரில் பல பத்தாண்டுகள் ஓடிய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பி.எம்.சி.) நிறுவனத்தின் ஒரே 'பி' வரிசையைச் சேர்ந்தவை. எல்லா உறுப்பும் அப்படியே பொருந்திவிடாது; ஆனால் அந்த எஞ்சினை ஆயிரம் முறை பிரித்துக் கோத்த கைகள் மேட்டுப்பாளையத்திலும் கோவையிலும் இன்னும் இருக்கின்றன. அதுபோல, 1962 முதல் 1980 வரை வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரின் முன்சக்கரத் தொங்கலமைப்பு (சஸ்பென்ஷன்) டிரையம்ஃப் ஹெரால்டிலிருந்து எடுத்தது. அந்த ஹெரால்டைத்தான் 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் நமக்காகத் தயாரித்தது.

எனவே கைக்கு எட்டும் விலையில் ஸ்பிட்ஃபயரோ எம்.ஜி.யோ அமையாவிட்டால், இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றை வாங்கி மூன்று ஆண்டு வைத்துப் பழகுங்கள் என்பதே என் யோசனை.

ஹெரால்டு ஸ்போர்ட்ஸ் கார் ஆகுமா?

ஆகாது. 948 சி.சி. எஞ்சினை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் அதற்குத் தனி சேஸ், அதாவது உடலைத் தாங்கும் அடிச்சட்டகம், உண்டு. பானெட், மட்கார்டுகளோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்புறம் கவிழும், எஞ்சினுக்குப் பக்கத்தில் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை செய்யலாம். ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருக்கத் தேவையான அத்தனை பாடத்தையும் குறைந்த கட்டணத்தில் கற்றுக்கொடுக்கும்.

ஓர் எச்சரிக்கை. அதன் கூரை போல்ட் போட்டு இணைக்கப்பட்டது என்பதால், கழற்றி எறிந்து 'கன்வர்டிபிள்' என்று விற்கப்படும் ஹெரால்டுகள் உண்டு. பதிவில் உள்ள வடிவத்திலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. அந்தத் தலைவலியை விலை கொடுத்து வாங்க வேண்டாம்.

எஸ்டேட் கொட்டகையில் முப்பது ஆண்டு நின்ற வண்டி புதையல் என்கிறார்களே?

மலையில் அது பெரும்பாலும் புதையல் அல்ல, புதைகுழி. ராஜஸ்தானின் வறண்ட காற்றில் முப்பது ஆண்டு நின்ற வண்டியும், வடகிழக்குப் பருவமழையில் ஐப்பசி கார்த்திகை முழுவதும் நனையும் கோத்தகிரிக் கொட்டகையில் முப்பது ஆண்டு நின்ற வண்டியும் ஒன்றல்ல. தேயிலைத் தோட்டங்களில் துரைமார் விட்டுச்சென்ற கார் என்றால் ஒரு கதை சேர்ந்துகொள்கிறது, கதைக்கும் சேர்த்து விலை கேட்கிறார்கள். நின்ற வண்டியை விட, ஒருவர் விடாமல் ஓட்டிக்கொண்டிருந்த, பார்வைக்குச் சற்று அசிங்கமான வண்டியே முதல் முறை வாங்குபவருக்கு நல்லது. நான் இதைச் சொல்கிறேனே தவிர, நான் வாங்கியது நின்ற வண்டியைத்தான். அதன் விளைவு அடுத்த பதிலில் இருக்கிறது.

வாங்கப் போகும்போது எதைப் பார்க்க வேண்டும்?

உடலைப் பாருங்கள். பெயிண்டையும் எஞ்சின் சத்தத்தையும் விட்டுவிட்டு உடலை மட்டும் ஒரு மணி நேரம் பாருங்கள். எஞ்சினைக் கோவையில் சிலிண்டர் கடைந்து ரீபோர் செய்து ஒரு மாதத்தில் திரும்பப் பெறலாம். துருவோ மக்கலோ தின்ற உடலை மீட்க இரண்டு ஆண்டும் வாங்கிய விலையில் பாதியும் போகும்.

எம்.ஜி. 'டி' வரிசை வண்டிகளின் தகடு, மரச்சட்டகத்தின் மேல் ஆணி அடித்துப் பொருத்தப்பட்டது. சேஸ் இரும்பு, உடலின் எலும்பு ஆஷ் என்னும் மரம். வெளியே பளபளக்கும் பெயிண்டுக்குள் அந்த மரம் ஈரத்தில் ஊறி, பிழிந்த டீத்தூள் போல உதிர்ந்துகொண்டிருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. இந்த வண்டிகளின் கதவுக்குக் கீல் பின்புறம் இருக்கும். கதவைப் பாதி திறந்து, கீல் இல்லாத முனையைக் கீழிருந்து இரு கையாலும் மெல்லத் தூக்குங்கள். கீலில் மட்டும் ஆட்டம் இருந்தால் கதவு மட்டும் ஆடும். கதவோடு சேர்ந்து கீல் பொருந்திய தூணும் அசைந்து, பின்பக்கத் தகட்டில் பெயிண்ட் மடிப்பு விழுந்தால், உள்ளே மரம் இல்லை. நான் வாங்கியபோது கதவைத் தூக்கிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்த ஆறாம் வாரம், கதவை மூடியபோது தூணுக்கடியிலிருந்து ஒரு கைப்பிடி பழுப்புத் தூள் தரையில் கொட்டியது. விற்றவர் அந்த இடத்தில் பட்டி போட்டு அடைத்து, மேலே பெயிண்ட் அடித்திருந்தார். நன்றாகக் காய்ந்த தேக்கில் இரண்டு தூண்களையும் அடிச்சட்டத்தையும் எங்கள் ஊர்த் தச்சர் ஒருவர் செய்து கொடுத்தார், காரை நாற்காலியைப் போலத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மெக்கானிக்கைக் கூப்பிட்டா எப்படி சார் ஆகும்?" என்று கேட்டார்.

1962இல் வந்த எம்.ஜி.பி.யில் மரச் சட்டகமும் இல்லை, தனி சேஸும் இல்லை, உடலே சேஸ். அதில் கதவுக்குக் கீழே ஓடும் சில் என்ற பெட்டிப் பகுதிதான் வண்டியின் முதுகெலும்பு. ஜாக்கியைச் சில்லுக்கருகே உள்ள இடத்தில் வைத்துத் தூக்கிய பிறகு கதவைத் திறந்து மூடச் சொல்லுங்கள். கதவு உரசினால் உடல் வளைகிறது, அந்த வண்டியை விட்டுவிட்டு வாருங்கள்.

எந்த வண்டியானாலும் ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிச் சட்டைப் பையில் எடுத்துச் செல்லுங்கள். சக்கரத்துக்கு மேல் வளைவு, கதவின் அடி விளிம்பு, ஹெட்லைட்டின் சுற்றுப்புறம் ஆகிய இடங்களில் அது பிடிக்காமல் வழுக்கினால் அங்கே தகடு இல்லை, பட்டி இருக்கிறது. காலடி விரிப்பைத் தூக்கித் தரையைப் பார்க்க விற்பவர் தயங்கினால், நீங்களும் பணம் கொடுக்கத் தயங்கலாம்.

எஞ்சினைப் பார்க்கவே வேண்டாமா?

பாருங்கள், ஆனால் குளிர்ந்த எஞ்சினைப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் காலை வருவதாகச் சொல்லுங்கள். ஊட்டிக் குளிரில் காலை ஏழு மணிக்குச் சோக்கை இழுத்து ஒரே செல்ஃபில் பிடிக்கும் எஞ்சினின் ஆரோக்கியத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பிறகு ஓட்டிப் பார்க்கும்போது, இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுச் சிறிது தூரம் வந்து மீண்டும் மிதித்த உடனே பின்னால் நீலப் புகை வந்தால் வால்வைத் தாங்கும் கைடு தேய்ந்திருக்கிறது. மிதித்துக்கொண்டே இருக்கும்போதும் புகை நிற்காவிட்டால் பிஸ்டன் ரிங்கும் போயிருக்கலாம்.

காகிதங்களில் எங்கே சிக்கல் வரும்?

மூன்று இடங்களில் வரும். முதலாவது, ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் காலமாகிப் பல ஆண்டு ஆகியிருப்பது. மலையில் இது மிகச் சாதாரணம். வாரிசு தன் பெயருக்குப் படிவம் 31 மூலம் மாற்றிக்கொண்ட பிறகே உங்களுக்கு விற்க முடியும். "பையன் கையெழுத்துப் போட்டுத் தருவான்" என்ற பேச்சில் முன்பணம் கொடுக்க வேண்டாம். அதன் பிறகான பெயர் மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30. இரண்டாவது, கூடலூருக்கு அப்பால் கேரளத்திலிருந்தோ கர்நாடகத்திலிருந்தோ வரும் வண்டி. அந்த மாநிலத்தின் தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28, கைக்கு வரும்வரை வண்டியை மலையேற்ற வேண்டாம். மூன்றாவது, சேஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும். அறுபது ஆண்டுகளில் எஞ்சின் மாறியிருப்பது குற்றமல்ல, ஆர்.சி.யில் ஏறாமல் மாறியிருப்பதுதான் குற்றம். எண் தகட்டைத் துணியால் துடைத்து, ஆர்.சி.யைப் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள்.

பதினைந்து ஆண்டு கடந்த வண்டியை ஓட்டக் கூடாது என்று ஒருவர் உங்களைப் பயமுறுத்துவார். அந்தத் தடை டெல்லி வட்டாரத்துப் பேச்சு. இங்கே பதினைந்து ஆண்டுக்குப் பிறகு வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

'விண்டேஜ்' பதிவு வாங்கிக்கொள்வது நல்லதா?

மத்திய அரசு 2021இல் கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத வண்டிக்கு விண்டேஜ் பதிவு கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி பத்தாண்டு. எண்ணில் மாநில எழுத்துகளை அடுத்து 'வி.ஏ.' என்று வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, எரிபொருள் நிரப்பல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு எடுக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை கோத்தகிரிக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வர விரும்புகிறவர், உயிரோடு இருக்கும் சாதாரணப் பதிவைப் புதுப்பித்து வைத்திருப்பதே மேல். பதிவே இல்லாமல் கிடைத்த வண்டிக்கு இந்த விதி வரப்பிரசாதம்.

இந்த உயரத்தில் கார்புரேட்டரை என்ன செய்வது?

குன்னூர் ஏறக்குறைய 1850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2240 மீட்டரில். ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குக்குச் சற்றே அதிகம். காற்று மெலிகிறது, ஆனால் காற்றோடு பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் அந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்வதில்லை. கலவை ஏறக்குறைய பத்து சதவீதம் பெட்ரோல் மிகுந்ததாகிவிடுகிறது. ப்ளக் கறுப்பாகும், ஐட்லிங் தடுமாறும், சைலன்சரில் கறுப்புப் புகை வரும், புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு கூடுதலாகக் காட்டும். எஞ்சினின் பலமும் ஐந்தில் ஒரு பங்கு குறையும்; அதைத் திரும்பப் பெற வழியில்லை, வண்டியைக் குறை சொல்லாமல் ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள்.

எம்.ஜி.யிலும் ஸ்பிட்ஃபயரிலும் பெரும்பாலும் எஸ்.யூ. என்ற வகைக் கார்புரேட்டர்கள் இரண்டு இருக்கும். இவற்றைச் சரிசெய்ய மீட்டர் எதுவும் தேவையில்லை. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஒரு கார்புரேட்டருக்குள் மேலும் கீழும் நகரும் பிஸ்டனை மெல்லிய ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் தூக்குங்கள். எஞ்சின் வேகம் கூடி, கூடியபடியே நின்றால் கலவையில் பெட்ரோல் மிகுதி. எஞ்சின் சோர்ந்து அணையப் போனால் பெட்ரோல் குறைவு. ஒரு கணம் எழுந்து உடனே பழைய வேகத்துக்கு அமர்ந்தால் சரி. அடியில் உள்ள ஆறுமுக நட்டை மேல்நோக்கித் திருப்பினால் பெட்ரோல் குறையும், கீழ்நோக்கித் திருப்பினால் கூடும். ஒரு தடவைக்கு ஒரு முகம் (ஆறில் ஒரு சுற்று) மட்டும், இரண்டு கார்புரேட்டரிலும் ஒரே அளவு. என் வண்டியில் மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு முகம். கோவையில் ஒரு வாரம் தங்குவதானால் இரண்டு முகத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போவேன், மறந்து போனால் சமவெளி வெயிலில் எஞ்சின் பட்டினி கிடந்து சூடேறும். எண்ணிக்கையைப் பானெட்டின் உட்புறம் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன்.

பிஸ்டனைத் தூக்கி விட்டால் 'டக்' என்று தெளிவாக விழ வேண்டும். விழாமல் ஒட்டினால் பாத்திரம் தேய்ப்பது போல உப்புத்தாள் போடாமல், மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து மாட்டுங்கள். மேல் மூடியைத் திருகி உள்ளே சில சொட்டு எஞ்சின் ஆயில் விட மறக்க வேண்டாம். அது வற்றிவிட்டால் ஆக்சிலரேட்டரை அழுத்தும் ஒவ்வொரு முறையும் எஞ்சின் தும்மும்.

தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். அழுத்த மூடி இல்லாத பழைய ரேடியேட்டரில் இது நேரடியாகத் தெரியும். டெம்பரேச்சர் முள் 'இன்னும் இடமிருக்கிறது' என்று காட்டும்போதே ஆவி கிளம்பும்.

இப்போதைய எத்தனால் பெட்ரோல் பழைய வண்டிக்கு ஆகுமா?

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இன்று பங்க்குகளில் வருகிறது. அது பழைய ரப்பர் குழாயை உப்பவைத்து இளக்கும். வண்டி வாங்கிய வாரமே, டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றிவிடுங்கள்; பானெட்டுக்குள் ஒழுகும் குழாய் தீப்பிடிக்கக் காரணமாகும், இதில் சிக்கனம் கூடாது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நம் மூடுபனியில் பாதி காலியான டேங்குடன் இரண்டு மாதம் நின்றால் அடியில் தண்ணீர் பிரிந்து நின்று டேங்கைத் துருவாக்கும். நிறுத்தி வைப்பதானால் டேங்கை நிரப்பி வையுங்கள்.

எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை ஏழெட்டு சதவீதம் மெலிகிறது, அதாவது பெட்ரோல் குறைந்ததாகிறது. மேலே சொன்ன உயரத்துக் கோளாறு அதற்கு நேர் எதிரானது. ஆகவே குன்னூரில் சிலருடைய வண்டி முன்பைவிட நன்றாக ஓடுவது மாயமில்லை; அதே வண்டி கோவையில் தடுமாறினாலும் வியப்பில்லை.

இன்னொன்று: 2000ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுதும் நின்றுபோனது. எஞ்சினின் மேல்பாகமான வார்ப்பிரும்பு ஹெட்டில், வால்வு வந்து அமரும் சீட்டுக்கு ஈயம்தான் காப்பாக இருந்தது. ஹெட்டை எப்போதாவது கழற்றும்போது கடினமான சீட் போட்டுவிடுங்கள். அதற்காகவே கழற்ற வேண்டாம்.

மலை இறங்கும்போது பிரேக் தாங்குமா?

சரியாக வைத்திருந்தால் தாங்கும்; ஆனால் நீங்கள் அதை நம்பி இறங்கக் கூடாது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் உயரம் சுமார் 1500 மீட்டர். ஒரு டன் எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல், 45 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. எஞ்சினும் காற்றும் சாலையும் எடுத்துக்கொள்ளாத மிச்சம் அனைத்தும் நான்கு சக்கரங்களின் பிரேக் டிரம்களுக்குள் போகிறது. டிரம் சூட்டில் விரிகிறது, உள்ளிருந்து அதை அழுத்தும் ஷூக்களின் லைனிங் பிடிப்பை இழக்கிறது, பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காது. அதைவிட ஆபத்தானது பிரேக் ஆயில் கொதிப்பது. புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் இழுத்த பிறகு அது 155 வரை இறங்கலாம். டாட் 3 ஆனால் 205இலிருந்து 140. கொதித்து ஆவிக்குமிழி உண்டானால் பெடல் தரையைத் தொடும். சமவெளியில் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவார்கள். மலையில் ஆண்டுதோறும், வடகிழக்கு மழை ஓய்ந்ததும் தை மாதத்தில் மாற்றுவது என் வழக்கம்.

பழைய வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வட்டம். எங்கே ஒரு குழாய் வெடித்தாலும் நான்கும் போய்விடும்; மிச்சம் ஹேண்ட்பிரேக் மட்டுமே. ஆகவே ஹேண்ட்பிரேக்கைச் சரிவில் நிறுத்திச் சோதித்து வையுங்கள். டி.டி.யின் முன்சக்கரப் பிரேக் அமைப்பில் இரண்டு ஷூக்களும் முன்னோக்கி ஓடும்போது தாமே இறுகும்படி வைக்கப்பட்டவை. வண்டி பின்னால் உருளும்போது அந்த இறுக்கம் கிடைக்காது. ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் நின்று, வண்டி நழுவத் தொடங்கியபோது இதை நான் முதன்முதலில் தெரிந்துகொண்டேன்.

இறங்கும் முறை எளிது. ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர். கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை ஒருமுறை அழுத்தமாகப் பிடித்து முழுவதும் விடுங்கள். கால் தொட்டபடி தேய்த்துக்கொண்டே வருவதுதான் டிரம்மைக் கொல்லும். பர்லியாறில் கட்டாயம் நிறுத்துங்கள். அங்கே ஒரு பழைய மெக்கானிக் எனக்குச் சொன்னது: "டீ அப்புறம் குடிக்கலாம் சார், முதல்ல நாலு வீலையும் மோந்து பாருங்க." நான்கிலும் ஒரே மாதிரி லேசான சூட்டு வாசனை இருந்தால் சரி. ஒரு சக்கரத்தில் மட்டும் கருகல் வாசனை வந்தால் அங்கே ஷூ ஒட்டிக்கொண்டிருக்கிறது; ஒன்றில் மட்டும் வாசனையே இல்லையென்றால் அங்கே வீல் சிலிண்டர் இறுகி, மற்ற மூன்றும் அதன் வேலையையும் சேர்த்துச் செய்கின்றன.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளை டிரம் பிரேக் வண்டியில் முயல வேண்டாம். கூடலூர் வழியாகச் சுற்றிப் போங்கள்.

வளைவில் ஸ்பிட்ஃபயர் கவிழும் என்கிறார்களே?

கவிழ்ந்துவிடும் என்பது மிகை. ஆனால் ஆரம்பகால ஸ்பிட்ஃபயரிலும் டிரையம்ஃப் ஹெரால்டிலும் பின் ஆக்சில் நடுவில் கீல் போட்டு ஊசலாடும் அமைப்பு. வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரைத் திடீரென விட்டால் வண்டியின் பின்பகுதி எழும்பி, வெளிச்சக்கரம் உட்புறமாக மடங்கி, பின்பக்கம் வீசும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவு முழுவதும் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடியே செல்ல வேண்டும். 1970களின் தொடக்கத்தில் வந்த நான்காம் மார்க் (நான்காம் பதிப்பு) வண்டியிலிருந்து பின் ஸ்பிரிங்கை மாற்றி இதைப் பெருமளவு சரிசெய்துவிட்டார்கள்.

அதே வண்டிகளின் முன்சக்கரத்தில் டிரனியன் என்ற வெண்கலத் துண்டு ஒன்று உண்டு. அதற்கு 90 எண் கியர் ஆயில் போட வேண்டும், கிரீஸ் அல்ல. நிப்பிள் இருப்பதைப் பார்த்ததும் எந்தப் பட்டறைப் பையனும் கிரீஸ் கன்னைத்தான் எடுப்பான். கிரீஸ் உள்ளே போய் மரைகளைச் சேராமல் நின்றுவிடும், துரு ஏறும், ஒருநாள் சக்கரம் மடங்கும். பக்கத்தில் நின்று ஆயிலை நீங்களே கொடுங்கள்.

மழையிலும் பனியிலும் எப்படி நிறுத்தி வைப்பது?

பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடுவதுதான் மலையில் வண்டிக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய தீங்கு. இரவில் அதன் உட்புறம் முழுக்க வியர்த்து, காலையில் வண்டியின் மேல் சொட்டும். காற்று புகும் பருத்தித் துணி போதும். சிமெண்ட் தரையும் ஈரம் விடும். சக்கரத்தடியில் பலகை போடுங்கள், கொட்டகையில் எதிரெதிராக இரண்டு சன்னல் திறந்திருக்கட்டும். துணிக்கூரையை ஈரத்தோடு மடித்தால் ஒரு வாரத்தில் பூசணம் பிடித்து மடிப்பில் கிழியும். ஊட்டிப் பக்கம் மார்கழியில் உறைபனி இறங்கும், கூலண்ட் இல்லாத வெறும் தண்ணீரை நம்ப வேண்டாம். எலி வயரைத் தின்னும். காட்டெருமைகள் இரவில் தெருவில் வந்து நிற்கும் குன்னூரில், துணிக்கூரை வண்டியை வாசலில் விடுவது அவற்றுக்கு முதுகு சொறியக் கட்டை நட்டு வைப்பதற்குச் சமம்; எங்கள் தெருவில் ஒரு வண்டியின் கண்ணாடிச் சட்டகம் அப்படித்தான் வளைந்தது.

அடித்தகட்டுக்குப் பழைய எஞ்சின் ஆயில் அடிக்கும் பழக்கம் இங்கே உண்டு. தகட்டுக்கு அது ஓரளவு உதவும், ரப்பர் புஷ்களை அழிக்கும். பெட்டிப் பகுதிகளுக்குள் மெழுகு கலந்த துரு தடுப்பானைத் தெளிப்பதே சரி.

கரண்ட் கோளாறு தீரவே தீராதா?

தீரும். பாதிக் கோளாறு எர்த் இணைப்பில் பிடித்த பச்சைக் களிம்பு. எர்த் வயர்கள் எல்லாவற்றையும் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, வாஸ்லின் தடவி மாட்டுங்கள். வேலை செய்யும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: டி.டி.யிலும் 1967 வரை வந்த எம்.ஜி.பி.யிலும் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். இன்றைய எலக்ட்ரீஷியன் பழக்க தோஷத்தில் மாற்றி இணைத்துவிடுவார். டைனமோ ஐட்லிங்கில் அநேகமாக ஒன்றும் தராது. மூடுபனியில் ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டு ஊர்ந்து போனால் பேட்டரி கரையும்.

உதிரிபாகத்துக்கும் மெக்கானிக்குக்கும் எங்கே போவது?

எம்.ஜி., டிரையம்ஃப் பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகத் தயாராகின்றன. கூரியரும் சுங்கவரியும் சேர்ந்தால் சிறு பொருளுக்குப் பொருளை விட வழிச்செலவு அதிகம் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை பட்டியல் போட்டு மொத்தமாக வரவழையுங்கள். புஷ், பின், வாட்டர் பம்ப் ஷாஃப்ட் போன்றவற்றைக் கோவை லேத்துப் பட்டறைகள் மாதிரியைப் பார்த்தே செய்து கொடுக்கும். டி.டி.யின் எஞ்சினில் ஒரு சிக்கல் உண்டு: போல்ட்டின் தலைக்கு விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு ஸ்பானர் பொருந்தும், ஆனால் மரை மெட்ரிக். தலையைப் பார்த்து வேறு போல்ட்டைத் திருகினால் பிளாக்கின் மரை போய்விடும். பழைய போல்ட்டைக் கையோடு கொண்டு போங்கள்.

செலவும் இன்ஷூரன்ஸும்?

கையில் இருக்கும் பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு வண்டி வாங்குங்கள், மீதி முதல் ஆண்டிலேயே போய்விடும். டயர் பட்டன் நன்றாக இருந்தாலும் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஏழு ஆண்டு கடந்திருந்தால் மாற்றுங்கள். இன்ஷூரன்ஸில் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஐந்தாண்டு கடந்த வண்டியின் மதிப்பை நீங்களும் நிறுவனமும் பேசித்தான் தீர்மானிக்க வேண்டும். படங்களும் பில்களும் கொண்ட கோப்பு அப்போது உங்களுக்காகப் பேசும்.

எவ்வளவு நாளைக்கு ஒருமுறை ஓட்ட வேண்டும்?

பத்து நாளைக்கு ஒருமுறை, இருபது கிலோமீட்டராவது. கொட்டகைக்குள்ளேயே பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது ஓட்டாமல் விடுவதைவிடக் கெடுதல். எஞ்சினுக்குள்ளும் சைலன்சருக்குள்ளும் உண்டாகும் தண்ணீர், ஆவியாகிப் போகும் அளவுக்குச் சூடு வருவதற்குள் அணைத்துவிடுகிறீர்கள். திரும்பி வந்ததும் பானெட்டைத் திறந்து வைத்து, ஒரு மணி நேரம் கழித்து, டிரம்மைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, அது குளிர்ந்த பிறகே துணியைப் போர்த்துங்கள்.